பழைய தமிழ்ப் படங்களுக்குப் பின்வாசல் வழி: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு

'பழைய படம்' என்றால் நம் வீடுகளில் பத்துப் பதினைந்து படங்கள்தான். பராசக்தி, பாசமலர், திருவிளையாடல், எங்க வீட்டுப் பிள்ளை, காதலிக்க நேரமில்லை என்று அதே வரிசை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சுற்றிச் சுற்றி வரும். அவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரிசைக்கு வெளியே போனால், யானைக்குக் கம்பளி ரோமம் போர்த்தி ஆதிகால மிருகமாக நடக்கவிட்ட படம் இருக்கிறது. பாடத் தெரிந்த ஆள் தேடிப் பூமிக்கு வரும் வேற்றுக்கிரகவாசி இருக்கிறார். தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வரும் ஜெய்சங்கர் இருக்கிறார். எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வளரும் இனிமையான காதல் கதைகளும் இருக்கின்றன.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது, சிவாஜி அல்லது எம்.ஜி.ஆர். பெயரைப் போட்டு வரிசையாகப் பார்ப்பது. ஏழெட்டுப் படத்தில் அலுத்துவிடும். என் கட்சி வேறு. நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். ஓரத்தில் நிற்கும் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு துணை நடிகர், ஒரு இசையமைப்பாளர், ஒரு ஸ்டூடியோ, பெரிய பேர் வாங்காத ஒரு இயக்குநர். அவர்கள் இழுத்துப் போகும் இடத்துக்கெல்லாம் போனால் இனிய காதல் படமும் வரும், மட்டமான மாயாஜாலப் படமும் வரும். இரண்டையும் ஒரே ஆர்வத்தோடு பார்க்கப் பழகுவதுதான் இதில் பாதி வேலை.

முதல் வேலை: பாட்டு தெரிந்த படம்

படம் மறைந்த பிறகும் பாட்டு உயிரோடிருக்கிற ஊர் இது. இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளை இரண்டு தலைமுறைக்கு ஊட்டி வளர்த்தது. ஆகவே உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது எந்தப் படம் என்று தேடுங்கள். "கண்ணாலே பேசிப் பேசிக் கொல்லாதே" தெரியுமா? அது 'அடுத்த வீட்டுப் பெண்'. "பம்பரக் கண்ணாலே" தெரியாமல் இருக்காது. அது 'மணமகன் தேவை'. "பளிங்கினால் ஒரு மாளிகை" 'வல்லவன் ஒருவன்' படத்துடையது. தெரிந்த பாட்டு ஒன்று நடுவில் காத்திருக்கிறது என்றால் முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சுலபம். தவிர, அந்தப் பாட்டு என்ன சூழ்நிலையில் வருகிறது என்று பார்க்கும்போது அசட்டுத்தனமான ஆச்சரியம் ஒன்று கிடைக்கும். இத்தனை வருஷம் சோகப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது படத்தில் துப்பறியும் காட்சியாக இருக்கலாம்.

இரண்டாவது: கிடைத்த பிரதியைச் சோதித்துவிட்டுப் பாருங்கள்

இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. புதியவர்கள் பலர் "படம் தலையும் இல்லை வாலும் இல்லை" என்று பாதியில் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் படம் அல்ல, பிரதி.

முதலில் படத்தின் வடிவம். 1950களின் படங்கள் ஏறத்தாழச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை, நாலுக்கு மூன்று. இன்றைய அகலத் திரைக்கு அதை இழுத்து ஏற்றினால் சாவித்திரி முகம் பூசணிக்காய் ஆகிவிடும். இன்னும் மோசமானவர்கள் அகலத்தை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டி, ஆட்களின் நெற்றியைக் காணாமல் அடித்துவிடுவார்கள். இழுத்த பிரதி என்றால் டிவியின் அமைப்பில் போய் நாலுக்கு மூன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய பிரதிக்கு வைத்தியம் கிடையாது, வேறு தேடுங்கள்.

அடுத்தது நீளம். படம் தொடங்குவதற்கு முன் தணிக்கைச் சான்றிதழ் வரும். அதை ஓட்டிவிடாதீர்கள், நிறுத்திப் படியுங்கள். அதில் படத்தின் நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும், எத்தனை ரீல் என்றும் இருக்கும். 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். மீட்டரில் சொன்னால் 27.4. ஆக, 16,200 அடி என்று போட்டிருந்தால் படம் 3 மணி நேரம். நீங்கள் திறந்து வைத்திருக்கும் வீடியோ 2 மணி 20 நிமிஷம்தான் என்றால் 40 நிமிஷம் எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு சலுகை கொடுக்கலாம்: தொலைக்காட்சிக்காக மாற்றிய பிரதிகள் நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 25 ஓடும். அதனால் 180 நிமிஷப் படம் 173 நிமிஷத்தில் முடிந்துவிடும். அது வெட்டு இல்லை. குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும்.

சான்றிதழையே வெட்டியிருந்தால் பாட்டுகளை எண்ணுங்கள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் கதைச் சுருக்கத்தைப் பாதி சொல்லிவிட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்தியிருப்பார்கள். அதில் இருக்கிற பாட்டு வீடியோவில் இல்லையென்றால் ஒரு ரீல் போயிற்று. பழைய பாட்டுப் புத்தகங்கள் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மூன்று மணி நேரம் என்றதும் மலைப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. இரண்டாம் உலகப் போரின்போது பிலிம் தட்டுப்பாடு வந்து, படங்கள் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. நிமிஷத்துக்கு 90 அடி என்ற கணக்குப்படி இரண்டு மணி நேரம். 1940களின் நடுவில் வந்த படங்கள் அளவாக இருப்பதற்குக் காரணம் கலை நுட்பம் இல்லை, பஞ்சம்.

மூன்றாவது: காதலில் தொடங்குங்கள், கூடவே டி.ஆர். ராமச்சந்திரன்

நான் புதியவர்களுக்கு முதலில் பிடித்துக்கொண்டு போகக் கொடுக்கும் நூலிழை டி.ஆர். ராமச்சந்திரன். உருண்டைக் கண், விழித்த பார்வை, எப்போதும் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு முகம். கதாநாயகனுக்கு வேண்டிய எதுவும் இல்லாத இவர் கதாநாயகனாகவே பல படங்கள் நடித்தார். 1941இல் வந்த 'சபாபதி'யில் மண்டூகமான பணக்கார வீட்டுப் பிள்ளை. அவனுடைய வேலைக்காரன் பேரும் சபாபதி, அவனும் மண்டூகம். அந்த வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் என்பதால் காமிரா அதிகம் நகராது, நாடகம் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேரின் நேரக்கணக்கு இன்றைக்கும் பிசகவில்லை. 1949இல் வந்த 'வாழ்க்கை'யில் வைஜயந்திமாலாவின் அறிமுகம். அதிலும் ராமச்சந்திரன்தான் ஜோடி.

எனக்கு மிகப் பிடித்தது 1960இல் வந்த 'அடுத்த வீட்டுப் பெண்'. அஞ்சலிதேவியின் சொந்தப் படம். இசை அவருடைய கணவர் ஆதிநாராயண ராவ். இயக்கம் வேதாந்தம் ராகவையா. பக்கத்து வீட்டுப் பெண் பாட்டுப் பித்துப் பிடித்தவள். நாயகனுக்குச் சுரம் என்றால் காய்ச்சல்தான் தெரியும். நண்பன் மறைவில் நின்று பாட, இவன் ஜன்னலில் நின்று வாயசைக்கிறான். நண்பனாக நடிப்பவர் தங்கவேலு. வேடிக்கை என்னவென்றால் அவரும் வாய்தான் அசைக்கிறார். பின்னணிக் குரல் வேறொருவருடையது. தமிழ்ப் படம் முழுக்க எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே கதையாக்கி, அதைப் பார்த்தே சிரிக்கிற படம் இது. கதை வங்காளத்திலிருந்து வந்தது. இதே கதைதான் 1968இல் இந்தியில் 'படோசன்' ஆகி நாடெங்கும் பேர் வாங்கியது. கிஷோர் குமாரின் ஆட்டபாட்டம் அதில் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ராமச்சந்திரனின் பரிதாப விழிக்கு முன்னால் சுனில் தத் நிற்க முடியாது என்பது என் தீர்ப்பு.

இது பிடித்தால் 'மிஸ்ஸியம்மா' (1955). வேலையில்லாத இருவர், புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குச் சேர்கிறார்கள். பெண் கிறிஸ்தவர், பையன் இந்து. படம் முழுக்கச் சாவித்திரி எரிச்சலாகவே இருப்பார். அந்த எரிச்சல்தான் படத்தின் அழகு; ஜெமினி கணேசன் செய்ய வேண்டியதெல்லாம் பக்கத்தில் நின்று அதை வாங்கிக்கொள்வதுதான். இது ஒன்றும் மறைந்துபோன படம் இல்லை, பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாட்டை மட்டும் தெரிந்தவர்கள்தான் அதிகம்.

'தேன் நிலவு' (1961) பற்றி எனக்குக் கொஞ்சம் கலவையான எண்ணம். ஸ்ரீதர் காஷ்மீருக்கே போய் எடுத்தார், ஏ.எம். ராஜாவின் இசை ஒன்றையொன்று மிஞ்சும். கதை நூலிழை. ஏரியையும் மலையையும் வைஜயந்திமாலாவையும் பார்த்துக்கொண்டு, பாட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டு, நடுவில் காப்பி போடப் போய்வந்தாலும் ஒன்றும் விட்டுப்போகாது. அப்படிப் பார்ப்பதற்கென்றே சில படங்கள் வேண்டும்தானே.

நான்காவது: பாலசந்தரின் ராத்திரிகள்

இனிப்புப் போதும் என்றானதும் இங்கே வாருங்கள். கே. பாலசந்தர் இல்லை, வீணை எஸ். பாலசந்தர். உலகம் அவரை வீணை வித்வானாகத்தான் நினைவு வைத்திருக்கிறது. ஆனால் தமிழில் திகில் படத்துக்கு இலக்கணம் எழுதியவர் அவர்தான் என்பேன்.

'அந்த நாள்' (1954) எல்லோரும் சொல்லும் படம். அதனால் அதை வாசற்படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரம். தொடக்கத்திலேயே சிவாஜியைச் சுட்டுவிடுகிறார்கள். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. சிவாஜி தேசத் துரோகியாக நடித்தார். வந்தபோது ஓடவில்லை என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

உள்ளே போனால் 'பொம்மை' (1964). ஒருவரைக் கொல்வதற்காக ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டை வைக்கிறார்கள். பொம்மை கைமாறி, கைமாறி ஊர் சுற்றுகிறது. படம் அந்தப் பொம்மைக்குப் பின்னாலேயே ஓடுகிறது. யேசுதாஸைத் தமிழுக்குக் கொண்டுவந்த "நீயும் பொம்மை நானும் பொம்மை" இதில்தான். படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பாலசந்தரே திரையில் தோன்றி, தன்னோடு வேலை செய்தவர்களை நமக்கு அறிமுகப்படுத்துவார். காமிராவுக்குப் பின்னால் இருந்தவர்களின் முகத்தைக் காட்ட வேண்டுமென்று அப்போது வேறு யாருக்குத் தோன்றியது?

அப்புறம் 'நடு இரவில்'. எடுத்து முடித்தும் சில வருஷம் பெட்டியில் கிடந்து 1970இல்தான் வெளியானது. தீவில் ஒரு பெரிய வீடு, சொத்தைப் பார்த்து வந்த உறவுக்கூட்டம், ராத்திரியில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டியின் சாயல் உண்டு. ஆனால் சொந்தக்காரர்களின் வன்மம் சுத்தமான நம்மூர்ச் சரக்கு. இந்தப் படத்தைப் பகலில் பார்க்காதீர்கள். வெளிச்சத்தில் திரையில் பாதி தெரியாது. விளக்கை அணைத்தால்தான் அந்த நிழல்களுக்கு வேலை.

பேய் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), மறுபிறவிக் கதை, வின்சென்ட்டின் ஒளிப்பதிவுக்காகவே பார்க்கலாம். 'யார் நீ?' (1966), இந்தி 'வோ கௌன் தி'யின் தமிழ் வடிவம். தயாரித்தவர் அட்டகாசச் சிரிப்புக்குப் பேர் போன பி.எஸ். வீரப்பா. வண்ணத்தில் வேண்டுமென்றால் ஏவி.எம்.மின் 'அதே கண்கள்' (1967). இதில் திகிலைவிட உடைகள் பயமுறுத்தும்.

ஐந்தாவது: சேலத்துக்கு ஒரு டிக்கெட்

இரண்டாம் தர வரிசை என்று வைத்தால் அதற்குத் தலைநகரம் சேலம். டி.ஆர். சுந்தரம் 1930களில் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் இந்த வீட்டுச் சரக்கு. இன்றைக்கு அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு. நாம் பார்க்க வேண்டியது அந்தப் பெரிய சாதனைகளை இல்லை. குறித்த காசில், குறித்த நாளில் படம் முடியவேண்டும் என்ற கண்டிப்போடு அங்கே எடுத்துத் தள்ளிய மர்மப் படங்களை.

'வல்லவன் ஒருவன்' (1966), 'இரு வல்லவர்கள்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஜெய்சங்கர் 1965இல்தான் 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமானார். சீக்கிரமே 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' ஆகிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அவர் படம் ஒன்று வரும் என்று 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்றும் சொல்வார்கள். கடத்தல் கும்பல், சுழலும் சுவர், சிவப்பு விளக்கு எரியும் இரகசிய அறை, கிளப் டான்ஸ், கடைசியில் துப்பாக்கிச் சண்டை. இந்தப் படங்களில் நான் பிடித்துக்கொள்ளச் சொல்லும் ஓரத்து ஆள் இசையமைப்பாளர் வேதா. இந்தியில் ஓடிய மெட்டுகளையே தமிழில் போடச் சொல்லி அவரிடம் கேட்டார்கள். அவரும் பெரும்பாலும் அதைத்தான் செய்தார். 'யார் நீ?'யில் வரும் "நானே வருவேன்" மதன்மோகனின் மெட்டுதான். காப்பி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எல்.ஆர். ஈஸ்வரியை மைக்குக்கு முன் நிறுத்தி, அந்த மெட்டுகளுக்கு அவர் கட்டிய தாளத்தையும் வாத்தியத்தையும் ஹெட்போனில் கேளுங்கள். திருடிய துணியில் தைத்த சட்டைதான், ஆனால் தையல் அபாரம்.

இந்த ஸ்டூடியோவின் கணக்கில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1952இல் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 'காடு'. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் காமரன், சீசர் ரோமரோ, மேரி விண்ட்சர் ஆகியோர் இந்தியாவுக்கு வந்து நடித்தார்கள். யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன. ஏன் என்று தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். காரணம், அழிந்துபோனதாக நினைத்த மாமத யானைகள். மேலே சொன்ன கம்பளி இந்தப் படத்தில்தான். படம் விறுவிறுப்பானது என்று பொய் சொல்லமாட்டேன், நடக்கிறார்கள் நடக்கிறார்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஹாலிவுட்டின் மலிவுப் பட உலகமும் சேலமும் கைகுலுக்கிய நிஜமான சாட்சி இது. அதற்காக ஒரு தடவை பொறுத்துக்கொள்ளலாம்.

சேலத்தை விட்டு வெளியே வந்தால் கர்ணன். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972) என்று தமிழில் கௌபாய் படங்களை எடுத்தார். 'ஷோலே' வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே இங்கே குதிரைப் புழுதி பறந்தது. ஊர்ப் பேர் தமிழ், சாமி பேர் தமிழ், தொப்பியும் இடுப்புத் துப்பாக்கியும் இத்தாலிய மேற்கத்தியப் படத்துடையது. கதையை நம்பக் கேட்காதீர்கள், காமிராவைப் பாருங்கள். குதிரையோடு சேர்ந்து ஓடும், தரையோடு தரையாகப் படுத்து வானத்தைக் காட்டும். பெண்கள் குளிக்கும் காட்சிகளில் அதே காமிரா அநாவசியமாக நிற்கவும் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களைப் பார்த்துவிட்டு 2010இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' பார்த்தால், சிம்புதேவன் எதையெல்லாம் கிண்டல் செய்கிறார், எதையெல்லாம் கும்பிடுகிறார் என்று புரியும்.

ஆறாவது: விண்வெளி, பூதம், அடுப்பில் வைத்த கால்

இந்தப் படிக்கு வருவதற்குள் உங்கள் நம்பும் சக்தி கொஞ்சம் தேறியிருக்கும். அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

'கலை அரசி' (1963), ஏ. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகத்தில் விஞ்ஞானம் எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. ஆகவே பூமிக்கு வந்து பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர்., அதுவும் இரட்டை வேடத்தில். மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு ஆறு வருஷம் முன் எடுத்த படம். செட்டைப் பார்த்துச் சிரிப்பு வரும், சிரியுங்கள். ஆனால் அந்தக் கருத்தைக் கொஞ்சம் யோசியுங்கள்: ஆயுதத்துக்காகவோ தங்கத்துக்காகவோ வராமல் சங்கீதத்துக்காகப் படையெடுத்து வரும் வேற்றுக்கிரகவாசிகள் தமிழ்ப் படத்தில்தான் இருக்க முடியும்.

'பட்டணத்தில் பூதம்' (1967) குழந்தைகளோடு பார்க்க உகந்தது. பூதமாக வருபவர் ஜாவர் சீதாராமன். 'அந்த நாள்' படத்தில் துப்பறியும் அதிகாரியாக வந்து, அதற்குக் கதை வசனமும் எழுதினாரே, அவரேதான். இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தால் ஒரு நடிகரின் வீச்சு என்னவென்று தெரியும்.

கடைசியாக விட்டலாச்சார்யா. தெலுங்கில் எடுத்தவர், ஆனால் தமிழ் டப்பிங்கில் நம்மூர் டூரிங் கொட்டகைகளை ஆண்டவர். உடுப்பிப் பக்கத்துக்காரர். 'ஜகன்மோகினி' (1978) பார்க்காமல் இந்தப் பாதையில் வந்தேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஜெயமாலினி மோகினியாக வருகிறார். பேய் சமைக்கிறது, விறகு இல்லை, தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், காமிராவுக்குள்ளேயே செய்த தந்திரத்தாலும் கயிற்றாலும் கத்தரிக்கோலாலும் செய்த வேலை. 2009இல் இதே பேரில் மறுபடி எடுத்தார்கள், கணினி வரைகலையோடு. எது மனதில் நிற்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பார்க்கும்போது சில சில்லறை விஷயங்கள்

நகைச்சுவைக் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். முக்கியக் கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும்தான். பல படங்களில் அந்தப் பகுதி தனிக் குழுவாகவே எழுதி எடுக்கப்பட்டது, என்.எஸ். கிருஷ்ணனுக்கு அப்படி ஒரு சொந்தக் குழு இருந்தது. அன்றைய பேச்சுத் தமிழ், கடைத்தெரு விலை, வீட்டுச் சாமான் எல்லாம் கதாநாயகன் இருக்கும் காட்சியைவிட இங்கேதான் உண்மையாக இருக்கும்.

முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இடைவேளை எழுத்து வரும் இடத்தில்தான் நிறுத்துங்கள். அந்தப் படங்களின் கட்டுமானமே இடைவேளையைத் தூணாக வைத்து எழுப்பியது. கண்ட இடத்தில் நிறுத்தினால் இரண்டாம் பாதி காலில் வலு இல்லாமல் நிற்கும்.

சில இடங்களில் பல்லைக் கடிக்க வேண்டி வரும். கறுப்பாக இருப்பதைக் கேலி செய்வார்கள், பெண்டாட்டியை அறைவதற்குத் தியேட்டர் கைதட்டும் என்று எதிர்பார்த்து வசனம் எழுதியிருப்பார்கள், மலைவாழ் மக்களைக் காட்டினால் உடம்பில் கரி பூசிக் குதிக்க விடுவார்கள். "அந்தக் காலம் அப்படி" என்று நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அதே காலத்தில்தான் 'மிஸ்ஸியம்மா'வின் மேரியையும் எழுதினார்கள்.

அடுத்த நூலை நீங்களே பிடிக்க

ராமச்சந்திரன், பாலசந்தர், வேதா என்று நான் கொடுத்த நூல்கள் முடிந்ததும் உங்களுடையதைப் பிடியுங்கள். உதாரணத்துக்கு எம்.என். நம்பியார். வில்லன் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கதாநாயகனாக, வேடம் மேல் வேடம் போட்டுத் துப்பறியும் 'திகம்பர சாமியார்' (1950) இருக்கிறது. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவல், மாடர்ன் தியேட்டர்ஸ் படம். மேலே சொன்ன 'காடு' படத்திலும் அவர் உண்டு. 1963 என்ற ஒரே வருஷத்தில் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகவாசி, 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் பழிக்காகக் காத்திருக்கும் முதுகிழ ஜமீன்தார். இப்படி ஒரே ஆளைத் தொட்டுக்கொண்டே போனால் சேலமும் கோடம்பாக்கமும், மலிவுப் படமும் உயர்தரப் படமும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருந்தன என்பது கண்ணுக்குத் தெரியும்.

தகவலுக்கு, பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு கையில் இருந்தால் நல்லது. வருஷ வாரியாக எந்தப் படம், யார் எடுத்தது என்று இருக்கும். ஆங்கிலம் படிப்பவர்கள் ராண்டார் கை 'தி ஹிந்து'வில் தொடர்ந்து எழுதிய பழம்படக் கட்டுரைகளைத் தேடலாம். ஒரு பக்கத்தில் கதை, நடிகர், வம்பு எல்லாம் வந்துவிடும்.

தேடும் எல்லாம் கிடைக்காது. நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்', முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இரண்டுமே பிரதி இல்லாமல் போயின. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது. அதற்குள் எரிந்தது எரிந்ததுதான். எனவே கிடைக்காத படங்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் எழுதி வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி தேடுங்கள். தயாரிப்பாளர் வீட்டுப் பரணிலிருந்தோ பழைய வீடியோ கேசட்டிலிருந்தோ யாராவது எடுத்து ஏற்றிவிடுவார்கள். உரிமைத் தகராறில் அதே வேகத்தில் காணாமலும் போகும். ஆகவே கண்ணில் பட்ட அன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒத்திவைக்காதீர்கள்.